புல் தரும் எரிவளி

அற்பமான பொருளைப் புல்லென இகழ்வது உலக வழக்கு. ஆயின், அப்புல்லே இந்நாளில் விளக்கேற்றவும், வீட்டைக் குளிரினின்று காக்கவும் துணைபுரிகின்றது. அதன் வரலாறு அறியத்தக்கது.

1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞராகிய அலெசாண்டிரோ வோல்டா என்பார், மஜ்ஜோரே ஏரியின் கரைச் சேற்றைக் கோலால் கிளறினார். குமிழி குமிழியாய் எழுந்த வளியைச் சேர்த்துத் தீ மூட்டினார், அஃது எரிந்தது. சேற்றில் மூழ்கி அழுகிய செடிகொடிகளினின்று தோன்றிய மீத்தேன் வளியே அது.

சேற்றில் இயற்கை செய்யும் அத்தொழிலையே செருமனி நாட்டு உழவர் தொட்டியில் நடைபெறச் செய்கின்றனர். புல்லை இளம்பருவத்தில் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாவண்ணம் அழுத்தி மூடுவர். அது புளித்து ஊறுகாய்ப்புல்லாகிப் பல திங்கள் கெடாதிருக்கும். பின்னர் அதனைச் சாணக் கரைசலோடு கலந்து, காற்றில்லாத் தொட்டியில் ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெப்பத்தில் வைப்பர். நுண்ணுயிர்களுள் ஒரு சாரார் புல்லைச் சிதைத்து அமிலங்களாக்க, மற்றொரு சாரார் அவற்றினின்று மீத்தேனைத் தோற்றுவிக்கும். முற்றிய புல்லோ மரத்தன்மை எய்துதலின் எளிதிற் சிதையாது. நீண்ட நார்கள் கலக்கும் பொறியிற் சுற்றிக்கொண்டு இடர் விளைக்கும். ஆதலின் பருவமறிந்து அறுத்தலும், சிறிதாக நறுக்குதலும் இன்றியமையாதன.

இங்ஙனம் பெறும் எரிவளியில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். எஞ்சியதிற் பெரும்பகுதி கரியமிலவாயு. அது பொறியை இயக்கி மின்சாரம் தரும். பொறியின் வெப்பம் வீடுகளுக்குப் பயன்படும். தொட்டியில் எஞ்சும் கழிவு மீண்டும் வயலுக்கு எருவாகும்.

எனினும், நன்மையும் அளவு கடப்பின் தீமையாம். 2000ஆம் ஆண்டில் செருமனி இயற்றிய சட்டம், இத்தகைய மின்சாரத்திற்கு 20 ஆண்டுக்கு நிலையான விலையை உறுதி செய்தது. 2004இல், எரிவளிக்கென வளர்க்கும் பயிர்களுக்கு மிகுதொகையும் அளித்தது. அதனால் உழவர் பலர் மிகுந்த விளைச்சல் தரும் மக்காச்சோளத்தையே நாடினர். மேய்ச்சல் நிலங்கள் சில உழப்பட்டன. உணவு விளையவேண்டிய மண் பொறிக்கு இரை விளைத்தது. இதனையுணர்ந்த அரசு, புதிய தொட்டிகளில் இடும் பொருள்களுள் மக்காச்சோளமும் தானியமணியும் நூற்றுக்கு 60 பங்குக்கு மேற்படலாகாது என 2012இல் வரையறுத்தது.

பல்லாண்டு வாழும் புல்லோ ஆண்டுதோறும் உழவு வேண்டாதது. தன் வேர்களால் மண்ணரிப்பைத் தடுப்பது. கால்நடை குறைந்த இடங்களில் வீணாகும் புல்லை எரிவளியாக்கினால் எவர் உணவுக்கும் குறைவு நேராது. அடுப்பு எரிவதற்கு விறகு வேண்டும். ஆனால் அவ்வடுப்பின்மேல் ஏற்றுதற்கு அரிசியும் வேண்டுமன்றோ? இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.