தோற்காத அணியும் முதல் அணியும்

ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் வென்ற அணி ஒன்று. ஓர் ஆட்டத்தில் தோற்ற அணி மற்றொன்று. இவ்விரண்டில் சிறந்தது எது? விடை எளிது என்றே முதலில் தோன்றும். ஆயினும் அமெரிக்க நாட்டில் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் பல்லாண்டுகளாக இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஓயாது வாதிட்டு வருகின்றனர். புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவ்வாதங்களை நான் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். வெறும் விளையாட்டுப் பேச்சாகத் தோன்றும் அவற்றுள் தருக்கமும் கணக்கும் நீதியும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. நம் மாணவர்கள் இதனை அறிந்துகொள்வது பயனுடையது என்பது என் எண்ணம்.

ஆட்டமும் அமைப்பும்

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்லுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. இருபுறமும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், உதைத்தும் எதிரியின் எல்லைக்குக் கொண்டு செல்லும் ஆட்டம் அது. ஒரு நேரத்தில் களத்தில் அணிக்கு 11 பேர் நிற்பர். பல்கலைக்கழகங்களுக்கு இடையே இதன் முதல் ஆட்டம் 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரண்டுக்கும் நடந்தது என்பர்.

உடலோடு உடல் மோதும் ஆட்டம் ஆதலின் வாரத்திற்கு ஒருமுறைக்கு மேல் ஆடுதல் அரிது. ஒரு பருவத்தில் ஓர் அணிக்குப் பொதுவாக 12 ஆட்டங்களே உண்டு. முதல் நிலையில் உள்ள பல்கலைக்கழக அணிகளோ 2024-இல் 134. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8,911 இணைகள் வரும். இவற்றுள் ஒரு பருவத்தில் உண்மையாகவே நேருக்கு நேர் சந்திப்பவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மேலும், இந்த அணிகள் கான்பரன்ஸ் எனப்படும் குழுமங்களாகப் பிரிந்துள்ளன. பெரிய குழுமங்களில் உள்ள ஓர் அணி தன் 12 ஆட்டங்களில் 8 அல்லது 9 ஆட்டங்களைத் தன் குழுமத்திற்குள்ளேயே ஆடிவிடுகிறது. வெளியாரோடு ஆடுவன மூன்று நான்கே. அவற்றுள்ளும் பெரும்பாலானவை பருவத் தொடக்கத்தில், அணி இன்னும் ஒழுங்குபடாத காலத்தில், நடப்பவை. குழுமங்களைத் தீவுகள் என்று கொண்டால், தீவுகளுக்கிடையே உள்ள பாலங்கள் மிகச் சில. எந்தத் தீவு உயர்ந்தது என்னும் வாதம் முழுவதும் அச்சில பாலங்களின் மேல்தான் நிற்கிறது.

தரவரிசை வந்த வழி

நெடுங்காலம் தரவரிசை என்பது கருத்துக் கணிப்பாகவே இருந்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1936 முதல் செய்தியாளர்களின் வாக்குகளைத் திரட்டி வாரந்தோறும் வரிசையை வெளியிட்டது. பயிற்சியாளர்களின் வாக்கு 1950-இல் தொடங்கியது. 1998 முதல் 2013 வரையிலான பருவங்களில் வாக்குகளோடு கணிப்பொறிக் கணக்குகளையும் சேர்த்து, முதல் இரண்டு அணிகளை மட்டும் இறுதியாட்டத்திற்கு அழைத்தனர். 2014-இல் 13 பேர் கொண்ட தேர்வுக்குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2024-இல் நான்கு, பன்னிரண்டு ஆயிற்று.

முறை மாறினாலும் வாதம் மாறவில்லை. "எங்கள் அணி தோற்கவில்லை" என்கிறார் ஒருவர். "நீங்கள் யாரை வென்றீர்கள்? எங்கள் குழுமத்தில் வந்து ஆடிப் பாருங்கள்" என்கிறார் மற்றவர். இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பிழையும் உண்டு.

வட்டமாகச் சுற்றும் வாதம்

முதற்பிழை, முடிவையே காரணமாகக் காட்டுவது. "எங்கள் குழுமம் வலியது. ஆகவே அதனுள் தோற்பது இழிவன்று." ஏன் வலியது? "தரவரிசையில் எங்கள் அணிகள் பல உள்ளன." தோற்ற பின்னும் அவை ஏன் வரிசையில் உள்ளன? "வலிய குழுமத்தில் அல்லவா தோற்றன!" செக்குமாடு பகலெல்லாம் நடந்தும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பது போன்றது இது. பருவம் தொடங்குமுன்னரே வெளியிடப்படும் வரிசை இவ்வட்டத்திற்கு முதல் தள்ளுதலைத் தருகிறது. ஒரு பந்தும் ஆடப்படுவதற்கு முன் வந்த மதிப்பு, பின்னர் சான்றாக மாறிவிடுகிறது.

1984-ஆம் ஆண்டை நோக்குவோம். பிரிகாம் யங் பல்கலைக்கழகம் தன் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணியை 20-14 என்று வென்றது. அன்று பிட்ஸ்பர்க் நாட்டில் மூன்றாம் இடத்தில் இருந்தது. எவ்வளவு பெரிய வெற்றி என்று போற்றினர். பருவ முடிவில் பிட்ஸ்பர்க்கின் கணக்கு என்ன? மூன்று வெற்றி, ஏழு தோல்வி, ஒரு சமன். பிரிகாம் யங் 13 ஆட்டங்களிலும் வென்று அவ்வாண்டின் முதல் அணி என்னும் பட்டத்தைப் பெற்றது. ஆயினும் அதன் குழுமம் எளியது என்ற காரணத்தால் அப்பட்டத்தைப் பற்றிய வாதம் பிறகும் ஓயவில்லை. நாம் கற்க வேண்டியது இது: எதிரியின் தரத்தை ஆடிய நாளில் அவனுக்கிருந்த பெயரால் அளத்தல் ஆகாது. பருவம் முழுவதும் அவன் செய்து காட்டியதால் அளத்தல் வேண்டும்.

சங்கிலி வாதம்

இரண்டாவது பிழை, சங்கிலி கோப்பது. 2024-இல் வடக்கு இல்லினாய் அணி நோட்ர டேம் அணியை 16-14 என்று வென்றது. நோட்ர டேம் பின்னர், தென்கிழக்குக் குழுமத்தின் வாகையரான ஜார்ஜியாவை 23-10 என்று வென்று இறுதியாட்டம் வரை சென்றது. ஆகவே வடக்கு இல்லினாய் ஜார்ஜியாவைவிடச் சிறந்தது என்று கூறலாமா? அதே வடக்கு இல்லினாய் இரண்டு வாரங்களுக்குப் பின் பபலோ அணியிடம் தோற்றது. சங்கிலியை இன்னும் நீட்டினால் எந்த அணியையும் எந்த அணிக்கும் மேலே வைத்துவிடலாம். ஒரு வெற்றி தருவது சான்றேயன்றித் தீர்ப்பன்று.

அவ்வாறாயின் சங்கிலியை முற்றிலும் தள்ளிவிடலாமா? அதுவும் கூடாது. ஒருவரையொருவர் சந்தியாத அணிகளை ஒப்பிட வேறு வழியே இல்லை. ஒரு சங்கிலியை நம்பாமல், எல்லாச் சங்கிலிகளையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதுதான் கணக்கின் வேலை.

ஒரு சிறு கணக்கு

வெஸ்லி காலி என்னும் வானியற்பியல் அறிஞர் அமைத்த முறை எளிமையானது. 2001 முதல் 2013 வரை அமெரிக்கத் தரவரிசையில் அது பயன்பட்டது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் கண்ட நிகழ்தகவு விதியே அதன் அடிப்படை. வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்துப் பாதியாக்குக. அதனோடு ஒன்றையும், எதிர்த்தாடிய அணிகள் அனைத்தின் மதிப்புகளையும் கூட்டுக. வந்த தொகையை, ஆடிய ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டி வகுக்க. கிடைப்பதே அணியின் மதிப்பு. எதிரியின் மதிப்பும் இதே வழியில்தான் கிடைக்கும் ஆதலின், எல்லாச் சமன்பாடுகளையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். யார் பெயரும், எக்குழுமத்தின் புகழும் இதனுள் நுழைவதில்லை.

உயிர்க் குழுமத்தில் அ, ஆ, இ என்று மூன்று அணிகள். மெய்க் குழுமத்தில் க, ச, த என்று மூன்று. அ மற்ற இரண்டையும் வென்றது. ஆ, இயை வென்றது. அவ்வாறே க மற்ற இரண்டையும் வென்றது. ச, தவை வென்றது. இந்நிலையில் அ, க இரண்டின் மதிப்பும் 0.700. நடு அணிகளுக்கு 0.500. கடை அணிகளுக்கு 0.300. எக்குழுமம் உயர்ந்தது என்று கூற ஒரு சான்றும் இல்லை.

இப்போது பாலம் ஒன்று போடுவோம். உயிரில் கடையணியான இ, மெய்யில் இரண்டாவதான சவை வெல்கிறது. மீண்டும் கணக்கிட்டால் அ 0.744, ஆ 0.544, இ 0.431, க 0.656, ச 0.369, த 0.256. விரும்புவோர் தாளெடுத்துச் சரிபார்க்கலாம். அவும் கவும் அந்த ஆட்டத்தில் காலெடுத்து வைக்கவே இல்லை. இருந்தும் ஒன்று ஏறியது, மற்றொன்று இறங்கியது. குழும வலிமை என்பது கற்பனையன்று என்பதை இது காட்டுகிறது. அதே நேரத்தில், ஒரே ஓர் ஆட்டம் ஆறு அணிகளின் மதிப்பையும் அசைத்துவிட்டது என்பதையும் காட்டுகிறது. அந்த ஒரு நாளில் மழை பெய்திருந்தால்? பந்து ஒருமுறை கைநழுவியிருந்தால்? பாலம் மெலிந்தது, அதன் மேல் ஏற்றும் பாரமோ பெரிது. ஆகவே குழுமத்தைப் பற்றிய முடிவுகளை அடக்கத்தோடு கூறுதல் வேண்டும்.

வலிமை என்பது எது?

மூன்றாவதாக, வலிமை என்னும் சொல்லையே ரசிகர்கள் பல பொருளில் வழங்குகின்றனர். 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில் தென்கிழக்குக் குழுமத்தின் அணிகளே நாட்டின் பட்டத்தை வென்றன. இது பெருஞ்சிறப்பு. ஆனால் உச்சியில் இருந்தோரின் சிறப்பு. அவர்களிடம் தோற்றுக் கடையில் நின்ற அணிக்கும் அப்பெருமையில் பங்கு உண்டா?

சராசரியும் ஏமாற்றும். ஒரு நல்ல அணிக்குப் பத்து எதிரிகள். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 0.8 என்றால், பத்தையும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 11. இனி, ஐந்து எதிரிகளிடம் வெற்றி உறுதி, மற்ற ஐவரிடம் 0.6 என்று கொள்வோம். சராசரி அதே 0.8. பத்தையும் வெல்லும் வாய்ப்போ நூற்றுக்கு 8. ஆகவே குழுமத்தின் சராசரியைச் சொன்னால் போதாது; அந்த அணி யார் யாரோடு ஆடியது என்பதையே பார்க்க வேண்டும்.

குழுமத்தின் பெயரும் நிலையானதன்று. 'பெரிய பத்து' என்று பொருள்படும் பிக் டென் குழுமத்தில் 2024-இல் 18 பல்கலைக்கழகங்கள் இருந்தன! மேற்குக் கடற்கரையிலிருந்த நான்கு அவ்வாண்டில்தான் சேர்ந்தன. டெக்சஸும் ஓக்லஹோமாவும் அதே ஆண்டில் தென்கிழக்குக்குச் சென்றன. வீடு மாறியதால் ஆள் மாறிவிடுவானா?

சிறந்தவரா, தகுதி பெற்றவரா?

இவ்வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. 2017-இல் மத்திய புளோரிடா அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதன் குழுமம் சிறியது ஆதலின் தேர்வுக்குழு அதற்கு 12-ஆம் இடமே தந்தது. பின்னர் அது ஆபர்ன் அணியை 34-27 என்று வென்றது. அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அதே பருவத்தில் வென்றிருந்த அணி ஆபர்ன்! காலியின் கணக்கு மத்திய புளோரிடாவையே முதலாவதாக வைத்தது. பட்டமோ அலபாமாவுக்குச் சென்றது.

2023-இல் நடந்தது இதனினும் கடுமையானது. புளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் வென்று, பெரிய குழுமம் ஒன்றின் வாகையராக நின்றது. தென்கிழக்குக் குழுமத்தைச் சேர்ந்த லூயிசியானா ஸ்டேட், புளோரிடா ஆகிய இரண்டையும் வென்றிருந்தது. பாலங்களைக் கடந்தே வந்தது என்க. ஆனால் நவம்பரில் அதன் முதன்மை ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸ் காலில் காயமுற்றார். அவரில்லாமல் இது வேறோர் அணி என்று கருதிய தேர்வுக்குழு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை நான்காவதாக வைத்தது. புளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. வாய்ப்பிழந்த அவ்வணி, ஆட்டக்காரர் பலர் விலகி நின்ற நிலையில், ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. "பார்த்தீர்களா, குழுவின் முடிவு சரியே" என்றனர் சிலர். "மனம் உடைந்த பின் நடந்த ஆட்டம் எப்படிச் சான்றாகும்?" என்றனர் வேறு சிலர்.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிட்டன. நாளை ஆடினால் யார் வெல்வர் என்பது ஒன்று. இதுவரை ஆடியதில் யார் தகுதி பெற்றனர் என்பது மற்றொன்று. முன்னது ஊகம், பின்னது கணக்கு. ஊகத்திற்குக் குழுமத்தின் பெயரும், காயமும், பழம்பெருமையும் உதவலாம். ஆனால் ஒருவன் உழைத்துப் பெற்றதை ஊகத்தால் பறித்தல் நீதியா? என் கருத்தில், பட்டத்தைச் செய்தவற்றின் கணக்குப்படியே வழங்க வேண்டும். ஐயம் எழும் இடத்தில் களத்தில் ஆடித் தீர்க்க விட வேண்டும். ஊகம் பிழைபடும் என்பதற்கு 2014-ஆம் ஆண்டே சான்று. நான்காவதாகத் தேர்வு பெற்ற ஒகையோ ஸ்டேட், முதலாவதாக இருந்த அலபாமாவை 42-35 என்று வென்று பட்டத்தையும் கொண்டது. நான்காம் இடத்திற்கும் வாய்ப்புத் தந்ததால் அன்றோ அது வெளிப்பட்டது!

நமக்கு வேண்டிய பாடம்

நண்பர்களே! பல ஊர்களிலிருந்தும் பல கல்விக் கழகங்களிலிருந்தும் வந்து ஒரே விடுதியில் தங்கியுள்ள நமக்கு இவ்வாதம் அயலதன்று. வெவ்வேறு தேர்வு வாரியங்கள் தந்த 95 மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது என்னும் சிக்கலும் இதுவே. 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது, தீவுகளுக்கிடையே போட்ட ஒரு பாலம் எனலாம். அப்பாலம் எல்லார்க்கும் ஒத்த அகலம் உடையதா என்று கேட்பதும் நம் கடமையே.

ஆகவே யாரேனும் ஒரு குழுமத்தையோ கல்லூரியையோ ஊரையோ காட்டி ஒருவனை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மதிப்பு செய்தவற்றிலிருந்து வந்ததா, பெயரிலிருந்து வந்ததா? ஒப்பிடுவதற்கு வைத்த பாலங்கள் எத்தனை? தீர்க்க வேண்டியது நாளைய ஊகமா, இதுவரை ஈட்டிய தகுதியா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின் வாதிடுங்கள். குழுவின் பெருமை ஒருவனைப் பற்றிய விசாரணைக்குத் தொடக்கமாக இருக்கலாம். ஒருபோதும் அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது.