செஞ்சியாற்றின் வாயில் ஒரு ஃப்ளை தூண்டில்

செஞ்சிக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. இங்குள்ள ராஜகிரி மலை உச்சிக்கு ஏறினால் பாறையும் ஏரியும் வயலும்தான் கண்ணில் படும். ஆனாலும் உப்புத்தண்ணீரில் தூண்டில் போடும் கிறுக்குப் பிடித்தவருக்கு இந்த ஊர் ஒரு வழி வைத்திருக்கிறது. சங்கராபரணி, வராக நதி, செஞ்சியாறு எனப் பல பெயர்களில் ஓடும் ஆறுதான் அந்த வழி. செஞ்சி வட்டாரத்து மலைகளில் புறப்பட்டு, வீடூர் அணையில் தேங்கி, வில்லியனூரைத் தாண்டி, புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாறு என்ற பெயரில் கடலில் விழுகிறது. வழியில் பிரியும் கிளை அரியாங்குப்பம் ஆறு. ரோமானிய வணிகம் நடந்த அரிக்கமேடு அதன் கரையில்தான் இருக்கிறது. செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நான்கு துண்டாகக் கழலும் ஒன்பதடி ஃப்ளை ராடு தோள்பையோடு சேர்ந்து போய்விடும்.

சாதாரண ராடு-ரீலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் அந்தக் குண்டு இல்லை. ஃப்ளை என்பதே முள்ளில் கட்டிய மயிரும் இறகும்தான், அதற்கு என்ன பெரிய எடை? கனமெல்லாம் தடித்த லைனில் இருக்கிறது. அதைப் பின்னால் வீசி, முழுசாக விரிந்த பிறகு முன்னால் வீச வேண்டும்.

புதிதாக வருபவர்கள் நேரே திறந்த கடற்கரைக்குப் போய் நிற்பார்கள். இந்தக் கரையில் அலை காலடியிலேயே உடையும். கீழே கிடக்கும் லைனை நுரை சுருட்டிக் கணுக்காலில் கட்டிவிடும். மேல்நாட்டு தூண்டில்காரர்கள் இதற்காக இடுப்பில் ஒரு கூடை கட்டி, இழுத்த லைனை அதில் போடுகிறார்கள். அதற்கென்று தனி விலை கொடுக்கத் தேவையில்லை. கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பில் நாலு ஓட்டை போட்டு ஒரு பெல்ட் கோத்தால் அதே வேலை நடக்கும். ஆனால் என்னைக் கேட்டால், ஃப்ளைக்குத் திறந்த அலைக்கரையே வேண்டாம். முகத்துவாரம்தான் சரி.

அங்கே பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறம். ஏற்றத்தில் உள்ளே போன தண்ணீர் வற்றத்தில் வெளியேறும்போது இறால் குஞ்சையும் மடவைக் குஞ்சையும் அள்ளிக்கொண்டு வரும். மணல்திட்டின் ஓரத்தில் வெளிர்பச்சைத் தண்ணீர் சட்டென்று கருக்கும் ஒரு கோடு இருக்கும். அதற்கப்பால் பள்ளம். கொடுவா, பாறை, செப்பிலி மீன்கள் அந்தப் பள்ளத்தில் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்துக் காத்திருக்கும். ஃப்ளையை மேட்டின் மேல் சாய்வாகப் போட்டு, ஓட்டம் அதைக் கொண்டுபோக விட்டு, நடுவில் ஒரு சாண் ஒரு சாணாக இழுக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் சரியும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும்.

இங்கே ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். வற்றம் இழுக்கும்போது மணல்திட்டின் விளிம்பு காலுக்கடியில் சரியும் என்பதால், தனி ஆளாக முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

காற்று இன்னொரு பாடம். விடியலில் நிலத்திலிருந்து கடல் பக்கம் மெல்ல வீசும். வெயில் ஏறினால் திரும்பி முகத்தில் அடிக்கும். முதுகுக்காற்றில் பின்வீச்சைத் தாழ்வாகவும் முன்வீச்சை உயரமாகவும் போட்டால் லைன் தானே பறக்கும். கிழக்கு பார்த்து நிற்பவருக்குத் தென்காற்று வலப்பக்கம் வரும். வலக்கைக்காரரின் காதில் முள் ஏறுவது அப்போதுதான். தொப்பியும் கண்ணாடியும் அலங்காரத்துக்கு அல்ல.

எந்த ஃப்ளை? அமெரிக்காவின் பாப் கிளவ்சர் 1980-களில் ஆற்று மீனுக்காகக் கட்டிய 'கிளவ்சர் மின்னோ' இன்று உலகக் கடற்கரைகளிலெல்லாம் ஓடுகிறது. ஈயக் கண்கள் வைத்திருப்பதால் முள் மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும், அடியில் சிக்குவது குறையும். அவர் கட்டியது மான்மயிரில். நம் ஊர் மான்மேல் கைவைக்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வெள்ளாட்டு மயிரும் சேவல் இறகும் தாராளமாகக் கிடைக்கின்றன, மீனும் ஆட்சேபிப்பதில்லை.

கரைக்குப் போனதும் முதல் வேலை, அங்கிருக்கும் மீனவரிடம் கேட்பது. "அண்ணே, இங்க தூண்டில் போட்டுக்கலாமா?" என்றால், "கரவல இழுத்து முடியட்டும் தம்பி, அப்பறம் போடு" என்று பதில் வரும், எந்தப் பள்ளம் இந்த மாதம் தூர்ந்தது என்ற தகவலும் கூடவே கிடைக்கும். மரக்காணம் பக்கம் கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ராடு எடுத்துப் போகவே கூடாது. தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் மணலில் டார்ச் அடிப்பதை விட்டுவிடலாம்.

கொடுவா விழுந்தால் செவுள் மூடியில் விரல் படக் கூடாது, பிளேடு மாதிரி அறுக்கும். தங்கூசியும் அங்கேதான் அறும். நுனியில் ஓரடித் தடித்த நரம்பு கட்டியே ஆக வேண்டும். இந்த மீன் ஆணாக வளர்ந்து, பெரிதானதும் பெண்ணாக மாறும். முட்டையிட உப்புத்தண்ணீருக்கு இறங்கும். ஆக, கிடைக்கும் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். அதைத் தண்ணீரிலேயே முள் கழற்றி விடுவது நல்லது. குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்று போதும், அதையும் ஐஸ் பெட்டியில் போட்டுக் கட்டினால்தான் செஞ்சி பஸ் கண்டக்டர் ஏற விடுவார்.