விருத்தாசலத்தில் பன்னீர் திராட்சை போடலாமா?

விருத்தாசலத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டு ஏக்கர் செம்மண் இருக்கு, போர் தண்ணி இருக்கு. பழைய முந்திரியை எடுத்துட்டு, கம்பம் மாதிரி பன்னீர் திராட்சை போடலாமா? ஒயினுக்கும் விற்கலாம்னு சொல்றாங்க."

முந்திரியை எடுக்காதீர்கள். முதலில் இருபது சென்ட்டில் பந்தல் போட்டுப் பாருங்கள். காரணம் மண் இல்லை, மழை.

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், முல்லைப் பெரியாறு பாசனம், வருடம் முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை. இரண்டு வருடத்தில் ஐந்து காய்ப்பு எடுப்பவர்கள் அங்கே உண்டு. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நஷ்டம்தான். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். அந்த நேரத்தில் பூவோ பிஞ்சோ இருந்தால் அடிச்சாம்பல் நோய் கொத்தைத் தின்றுவிடும். பழம் இருந்தால் வெடித்து அழுகும்.

பிரான்ஸின் போர்டோ பகுதியில் குளிர்காலம் கொடியை உறங்க வைக்கிறது. நமக்குக் குளிர்காலம் கிடையாது. கவாத்துதான் கொடியை எழுப்புகிறது. ஆகவே தேதி உங்கள் கையில் இருக்கிறது. மழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் பாதியில் காய்ப்புக் கவாத்து செய்யுங்கள். திரண்ட கொடிகளில் நான்கு மொட்டு விட்டு வெட்டுங்கள். மெலிந்தவற்றில் ஒன்றிரண்டு போதும். ஏறக்குறைய நான்கு மாதத்தில், கோடை மழை பெரிதாக வருவதற்குள், பழம் கைக்கு வந்துவிடும். மே, ஜூனில் வெட்டி இரண்டாவது காய்ப்பு எடுக்க ஆசை வரும். ஆகஸ்ட், செப்டம்பரின் சாயங்கால இடிமழையை நினைத்து முதல் சில வருடங்களாவது அதை விட்டுவிடுங்கள்.

நடுவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது. போர் தண்ணீரில் உப்பு கூடினால் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று வாங்குங்கள். தண்ணீர் தேங்கும் தாழ்வான வயல் வேண்டவே வேண்டாம். பந்தலுக்குக் கல்தூண் ஊன்றி, மூலைத்தூண்களுக்கு இழுகம்பி கட்டுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் இலையைக் காப்பாற்ற ஒரு சதவீத போர்டோ கலவை போதும். 1880களில் போர்டோவின் சாலையோரத் தோட்டங்களில், திருடர்களை விரட்டத் தெளித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிச்சாம்பலையும் தடுப்பதைக் கவனித்து, மில்லார்டே என்ற பேராசிரியர் அதை மருந்தாக்கினார். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. மண், பீங்கான், பிளாஸ்டிக் எதுவும் சரி. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.

ஒயின் விஷயம்: பன்னீர் முதன்மையாகத் தின்னவும் ஜூஸுக்கும் ஆன பழம். ஒயினுக்கும் போகிறது, ஆனால் வாங்குபவர் கையெழுத்துப் போடாமல் அதை நம்பி நடாதீர்கள். உரிமம் இல்லாமல் நீங்களே தயாரித்து விற்பது குற்றம். தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கன்று வாங்குமுன் ஒருமுறை அங்கே போய், கவாத்து நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.