பைத்தானில் நாமே கட்டும் சர்வரும் கிளையன்டும்: ஃபிங்கர் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

எதைக் கட்டப்போகிறோம்?

பைத்தானில் இரண்டு மூன்று சின்ன நிரல்கள் எழுதியிருக்கிறீர்களா? அது போதும். எச்டிடிபியில் நேராக இறங்கினால் விதிகளைப் படித்து முடிக்கவே மாதமாகிவிடும். அதனால் ஃபிங்கர் என்ற எளிய புரோட்டோகாலை எடுத்துக்கொள்வோம்.

கணினியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லும் ஃபிங்கர் நிரலை 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் எழுதினார். இன்று நாம் பின்பற்றும் விதி 1991-இல் வந்த ஆர்எஃப்சி 1288. க்வேக் விளையாட்டின் நிரலாளர் ஜான் கார்மாக் தன் வேலைக் குறிப்புகளை உலகத்துக்குச் சொன்னது இந்த வழியில்தான்.

விதி என்ன?

கிளையன்ட் 79-ஆம் போர்ட்டில் டிசிபி இணைப்பைத் திறக்கும். ஒரு பெயரையும், வரி முடிவுக்கு அடையாளமாக 13, 10 என்ற இரண்டு பைட்களையும் அனுப்பும். சர்வர் பதிலை எழுதிவிட்டு இணைப்பை மூடும். பெயர் இல்லாமல் வெறும் வரி வந்தால், எல்லோருடைய பட்டியலையும் கேட்கிறார்கள் என்று பொருள்.

எவ்வளவு செலவாகும்?

பணமாக ஒன்றுமில்லை. பைத்தான் இலவசம், தேவையான அசிங்க்ஐஓ தொகுதி அதனுடனேயே வருகிறது. சர்வருக்கும் கிளையன்டுக்கும் ஒரே கணினி போதும். நேரமாக இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள்.

முதலில் சர்வர்

ஸ்டார்ட்_சர்வர் என்ற செயற்கூறுக்கு 127.0.0.1 முகவரியையும் 7979 போர்ட்டையும் கொடுப்போம். 79 ஏன் வேண்டாம்? லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்கப் பொதுவாக நிர்வாகி உரிமை கேட்கும். ஒவ்வொரு இணைப்பு வரும்போதும் நாம் எழுதிய செயற்கூறு அழைக்கப்படும். படிக்க ஒரு ரீடர், எழுத ஒரு ரைட்டர் அதன் கைக்கு வரும். ஒரு வரியைப் படி, ஓரத்து வெற்றிடங்களை நீக்கு, டிக்‌ஷனரியில் பெயரைத் தேடு, பதிலை எழுது, மூடு. இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்

டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. பைட்களை வரிசை மாறாமல் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. கிளையன்ட் ஒரே தடவையில் அனுப்பிய பெயர் சர்வரிடம் இரண்டு துண்டாக வரலாம். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடும். அதை நம்பி எழுதிய நிரல், வெளி நெட்வொர்க்குக்குப் போனதும் எப்போதாவது சொதப்பும். அந்த ‘எப்போதாவது’தான் கண்டுபிடிக்கக் கடினமானது.

ஆகவே எந்தப் புரோட்டோகாலை எடுத்தாலும், ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை நிரல் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுவோம். ஃபிங்கரில் கேள்வி, வரி முடிவில் முடிகிறது. பதில், இணைப்பு மூடும்போது முடிகிறது. அதனால் சர்வரில் ரீட்லைன், கிளையன்டில் கடைசிவரை ரீட்.

பிறகு கிளையன்ட்

அதற்கு முன் நெட்கேட் என்ற கருவியால் சர்வரைத் தொட்டுப் பாருங்கள். அது 10-ஐ மட்டும் அனுப்பினாலும் கவலையில்லை. ரீட்லைன் தேடுவதும் அதைத்தான்.

கிளையன்டில் ஓப்பன்_கனெக்‌ஷன், பெயரை எழுதுதல், பதிலைப் படித்தல் என மூன்றே படிகள். பதில் தமிழில் இருந்தால், எல்லா பைட்களும் சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்றுங்கள். யுடிஎஃப்-8-இல் ‘க’வுக்கு மூன்று பைட், துண்டு துண்டாக மாற்றினால் எழுத்து நடுவில் உடைந்து பிழை வரும்.

எச்சரிக்கை

1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற தீநிரல் பரவிய வழிகளில் ஒன்று ஃபிங்கர் சர்வர். 512 பைட் இடம் ஒதுக்கிவிட்டு, வருவதன் நீளத்தைப் பார்க்காமல் வாங்கியது அது. வார்ம் 536 பைட் அனுப்பியது. பைத்தானில் நினைவகம் அப்படி வழியாது. ஆனாலும் ஸ்டார்ட்_சர்வருக்குக் கொடுக்கும் லிமிட்டை 512 ஆகக் குறைத்து, அதை மீறும்போது எழும் வேல்யூஎரரைப் பிடித்து இணைப்பை மூடுங்கள். ஒன்றும் அனுப்பாமல் தொங்கும் இணைப்புகளுக்கு, வெயிட்_ஃபார் கொண்டு பத்து விநாடிக் கெடு வையுங்கள்.

வந்த பெயரை அப்படியே கோப்புப் பாதையாகப் பயன்படுத்தவே கூடாது. பெயரில் @ இருந்தால் வேறு சர்வருக்குக் கடத்தச் சொல்கிறார்கள், மறுத்துவிடுங்கள். உங்கள் கோப்புக்கு சாக்கெட் என்றோ அசிங்க்ஐஓ என்றோ பெயர் வைத்தால், பைத்தான் தன் தொகுதியை விட்டுவிட்டு உங்கள் கோப்பை இறக்குமதி செய்யும்.

அடுத்து?

ரெடிஸ் தரவுத்தளத்தின் ரெஸ்ப் புரோட்டோகாலுக்குப் போகலாம். அதில் ‘பல்க்’ சரங்கள் தங்கள் நீளத்தை முதலிலேயே சொல்லிவிடும். ரீட்லைனால் அந்த நீளத்தையும், ரீட்எக்ஸாக்ட்லியால் அத்தனை பைட்களையும் படிக்க வேண்டியிருக்கும்.