சூதும் கூச்சமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சூதாடுவது திமிர், அதை நோய் என்பது சாக்கு.

சூதை விட முடியாமல் தவிப்பது மருத்துவ நூல்களில் இடம்பெற்ற நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு அதை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் அது உண்டு. திருக்குறளின் வரிசையும் இதற்கு அருகில்தான் நிற்கிறது: 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. விட்ட பணத்தைப் பிடிக்க மீண்டும் ஆடுவது, மறைக்கப் பொய் சொல்வது, ஆடாத நாளில் எரிந்து விழுவது எல்லாம் ஊர் கண்ணுக்குக் குணக்கேடு, மருத்துவருக்கு அறிகுறி.

நம்பிக்கை: அது ஆம்பளைங்க சமாச்சாரம்.

திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் பகடை உருட்டுபவர் தருமர், துகில் உரியப்படுபவள் பாஞ்சாலி. ஆடுபவன் ஆண், இழப்பவள் பெண் என்ற படம் சிறுவயதிலேயே பதிந்துவிடுகிறது. சீட்டுக்கட்டு கிளப்பிலும் தோப்பிலும் இருந்தவரை அது ஓரளவு பொருந்தியது. கைபேசி வந்தபின் அடுக்களையும் ஆடும் இடம்தான்.

பழி இருவர் மேலும் விழுகிறது, ஒரே மாதிரி விழுவதில்லை. ஆண் சூதாடினால் ஊர் ஏசும். ஆனாலும் ‘பொறுப்பு வந்தா திருந்திடுவான்’ என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கும். அந்த வாசலே அவருக்குக் கண்ணியாகிறது. சம்பாதிக்கிறவர் போய் உதவி கேட்பதா என்ற வீம்பில், தானே விட்டுவிடலாம் என்று நாள் கடத்துகிறார். கடன்காரர் வீட்டு முன் நின்ற பிறகே பேச்சு வெளியே வருகிறது.

பெண்ணுக்கு அந்த வாசலும் கிடையாது. அடகுக்குப் போன நகை, மகளிர் குழுக் கடன், மறைத்து வைத்த ரசீது என எது தெரிந்துவிட்டாலும் ‘குடும்பத்துக்கு ஆகாதவள்’ என்ற பெயர் நிலைத்துவிடும். பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. மருத்துவரிடம் போனாலும் தூக்கமில்லை, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட முடிகிறது. சூதைப் பற்றி மருத்துவரே கேட்டால்தான் உண்டு. பெண்கள் தாமதமாக ஆடத் தொடங்கினாலும் விரைவில் சிக்கலுக்குள் போகிறார்கள் என்றும், தனிமையையும் மனவருத்தத்தையும் மறக்க ஆடுவோர் அவர்களில் அதிகம் என்றும் வெளிநாட்டு ஆய்வுகள் பல கண்டிருக்கின்றன. சிகிச்சைக்கு வரும் பெண்கள் குறைவு என்பதை வைத்து ஆடும் பெண்களைக் கணக்கிட முடியாது.

நம்பிக்கை: கிரிவலம் சுற்றி, சாமி முன்னால் கயிறு கட்டிக்கொண்டால் போதும்.

14 கிலோமீட்டர் நடை மன உறுதிக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் சத்தியம் மீறப்பட்டால் சாமிக்கும் பொய்யானோம் என்ற குற்ற உணர்வு சேர்ந்து வாயை இன்னும் இறுக்கிப் பூட்டுகிறது. குடும்பம் கடனை மட்டும் அடைத்தால் அடுத்த ஆட்டத்துக்குத்தான் வழி பிறக்கும். ‘அடுத்தது என் பக்கம்தான்’ என்ற தவறான கணக்கைப் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, பணப் பொறுப்பைச் சில காலம் நம்பகமானவரிடம் விடுவது, குடும்பத்தாருக்கும் ஆலோசனை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பலன் கூடும்.

நம்பிக்கை: மருத்துவரிடம் சொன்னால் ஊருக்கும் போலீசுக்கும் தெரிந்துவிடும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வேறு வழியில் போகிறது: நடத்துவோர், விளம்பரம் செய்வோர், பணப் பரிமாற்றம் செய்து தருவோர்தான் அதற்குக் குற்றவாளிகள், ஆடுபவர் அல்ல. சிகிச்சை அறையிலோ, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளி சொன்னதை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளே உண்டு.

மாடவீதியில் நாலு பேருக்கு முகம் தெரிந்த ஊரில், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதே பலருக்குப் பெரிய தடை. அப்படித் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.