டயர் மாற்றிப் போட்டபின் வரும் சத்தமும் நடுக்கமும்

டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நான்கும் சமமாகத் தேயும், செலவும் மிச்சமாகும் என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. ஆனால் மாற்றிப் போட்ட மறுநாளே, "வண்டி இரையுது முதலாளி, ஸ்டியரிங் ஆடுது" என்று டிரைவர் வந்து நிற்கும்போதுதான் குழப்பம் வருகிறது. சிலர், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் பேரிங், டயர் என்று புதிதாகவே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். சத்தம் வேறு, நடுக்கம் வேறு என்று பிரித்துப் பார்த்தால் இந்த இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்கலாம். சத்தம் பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கக் கூடியது. நடுக்கத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

முதலில் சத்தம். ஒரே இடத்தில் பல மாதம் ஓடிய டயர், அந்த இடத்திற்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். டயரின் ஒவ்வொரு கட்டையும் சாலையில் பதிந்து, மீண்டும் எழும்போது சிறிது இழுபடும். அதனால் கட்டையின் ஒரு ஓரம் உயர்ந்தும் மறு ஓரம் தாழ்ந்தும் ரம்பப் பல் போல ஆகிவிடுகிறது. காற்று குறைவாக ஓடினாலும், அலைன்மெண்ட் கெட்டிருந்தாலும் இது அதிகமாகும். வண்டி நிற்கும்போது டயர்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவுங்கள், பிறகு எதிர்ப் பக்கமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கையைக் கீறுவது போலவும் இருந்தால் சத்தத்தின் காரணம் அதுதான். பின்னால் இருந்தவரை மூட்டைகளின் அடியில் கேட்காமல் இருந்த இரைச்சல், முன்னால் வந்ததும் டிரைவரின் காலடியில் கேட்கிறது. வலது இடது மாற்றிப் போட்டிருந்தால் சுழலும் திசையும் மாறிவிடுவதால் முதலில் இன்னும் உரக்கக் கேட்கும். சில நூறு கி.மீ. முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கி.மீ. ஓடுவதற்குள் பற்கள் சமமாகித் தானே குறைந்துவிடுவதுண்டு.

ஆனால் டயரைச் சுற்றி அங்கங்கே குழி விழுந்தது போலத் தேய்ந்திருந்தால் அது தானாகச் சரியாகாது. ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். பேரிங் சத்தமா, டயர் சத்தமா என்ற சந்தேகமும் பலருக்கு வரும். தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் ஒலி மாறினால் பெரும்பாலும் டயர். சாலை எதுவானாலும் ஒலி மாறாமல், வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங். கழற்றிப் பார்க்கக் கூலி கொடுப்பதற்கு முன் இதைக் கவனித்துவிடலாம்.

இனி நடுக்கம். டயர் மாற்றியபின் வண்டி நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வீல் நட்டுகளைத்தான், வேறு எதையும் அல்ல. நம் பகுதிக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இராயபுரம், காசிமேடு, எண்ணூர் முழுவதும் உப்புக் காற்று. மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்போடு சேர்ந்து வடிகிறது. ஹப்பின் முகத்திலும் ரிம்மின் உட்புறத்திலும் துரு ஏடு ஏடாகப் படிந்திருக்கும். அதன் மேலேயே வேறு ரிம்மை வைத்து முறுக்கினால் அந்த நேரத்தில் இறுக்கமாகத்தான் தெரியும். வண்டி ஓட ஓடத் துரு பொடிந்து உதிர, இறுக்கம் தளர்கிறது. சக்கரம் லேசாகச் சாய்ந்து ஆடத் தொடங்குகிறது. இதைப் 'போகப் போகச் சரியாகும்' என்று விட்டால், மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சக்கரம் கழன்று ஓடும் நிலை வரலாம். சரக்கை விடுங்கள், டிரைவரின் உயிர் என்ன ஆவது?

ஆகவே மாட்டுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டச் சொல்லுங்கள். வேலையாள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஐந்து நிமிஷ வேலைதான். நட்டுகளை வரிசையாகச் சுற்றி முறுக்காமல் எதிர் எதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஸ்பேனரில் நீளக் குழாய் செருகி அதன்மேல் ஏறி மிதிப்பது பலம் அல்ல. போல்ட் இழுபட்டுப் பிறகு முறிவதற்கு அதுவே வழி. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து செங்குன்றத்திற்கு அரிசி ஏற்ற இரண்டு நடை போய் வந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

அடுத்தது காற்று. சரக்கு வண்டிகளில் பின் சக்கரத்துக்கு முன் சக்கரத்தைவிடக் காற்று அதிகம். டயரை மாற்றுகிறவர்கள் காற்றை மாற்ற மறந்துவிடுகிறார்கள். பின்னால் இருந்த கல் போன்ற டயர் முன்னால் வந்து தூக்கித் தூக்கிப் போடும். முன்னால் இருந்த டயர் பின்னால் போய்ச் சுமையில் நசுங்கிச் சூடாகும். அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிப்பதே சரி.

பேலன்சிங் என்பது நம் தொழிலுக்கு எளிதாகப் புரியும் விஷயம், ஏனென்றால் அது படிக்கல் கணக்கு. குட்டி யானை வண்டியின் 12 அங்குல ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் மட்டும் கூடுதலாக இருப்பதாக வைத்துக் கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அது சுமார் 300 கிராம் எடை இழுப்பது போல இழுக்கும். 60 கி.மீ. வேகத்தில் வேகம் இரண்டு மடங்குதான், இழுப்போ நான்கு மடங்கு, சுமார் 1,200 கிராம். அதுவும் வினாடிக்குப் பத்து முறை சுற்றிச் சுற்றி. இதனால்தான் திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றும் தெரியாமல், ஆந்திரா போகும் பெருஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது. குறை பழையதாகவே இருக்கலாம். பின்னால் இருந்தவரை இருக்கையில் லேசாகத் தெரிந்தது, இப்போது கைக்கு வந்துவிட்டது. ரிம்மில் ஒட்டிய சிறு எடைத் துண்டு விழுந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு மாறாக, 20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி குதித்துக் குதித்துப் போனால் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். கனரக லாரிகள் உழுத சாலைப் பள்ளத்தில் இடித்து டயருக்குள் நூல் அறுந்து, பக்கவாட்டில் வீக்கம் வந்திருக்கலாம். முன்புறமும் உட்புறமும் கையால் தடவிப் பாருங்கள். வீங்கிய டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக் கொள்ளக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள்.

டயரைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் நம் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. 1949-ல் தம்பு செட்டித் தெருவில் அலுவலகம் போட்டு, 1952-ல் ரீட்ரேடிங் ரப்பருக்கும், 1961-ல் டயருக்கும் வந்தது. டயர் பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் நாம் மாட்டுகிறோம். சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அவற்றை வலது இடது மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன் பின் மட்டுமே மாற்ற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள மினி லாரியில் ஜோடி டயர்கள் ஒரே உயரத்தில் இருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் சுமை முழுவதும் ஒன்றின்மேல் விழும்.

இத்தனையும் பார்த்தபின்னும் காரணம் பிடிபடவில்லை என்றால் முன் டயர்களைப் பழையபடி பின்னால் போடச் சொல்லுங்கள். நடுக்கம் கையை விட்டு இருக்கைக்குப் போனால் குறை அந்த டயரில் அல்லது ரிம்மில். கையிலேயே நின்றால் குறை ஹப்பிலோ, ஸ்டியரிங் இணைப்புகளிலோ. இந்தச் சோதனைக்கு எந்த டயர் எங்கே இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். கழற்றும்போதே சாக்பீஸால் 'மு.வ.', 'பி.இ.' என்று எழுதி, தேதியையும் மீட்டர் கி.மீ.யையும் கடைக் கணக்கு நோட்டிலேயே ஒரு வரி குறித்து வையுங்கள்.