முளைக்காத பல்லும் முக வளர்ச்சியும்

பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகியும் பால்பல் விழவில்லையா? "அத்தாவுக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அடியில் நிலைப்பல்லே உருவாகாமல் இருக்கலாம். இது பரம்பரையாகவும் வரும்.

ஒன்றிரண்டு பல் இல்லாததால் முகம் பெரிதாக மாறாது. பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வார்களோ என்ற கவலை வீண். ஆறு, அதற்கு மேல் இல்லாதபோதுதான் கவனம் தேவை. பல்லைத் தாங்கும் எலும்பு பல்லோடு சேர்ந்தே வளர்வது. பல் இல்லாத இடத்தில் அது உயராது. கீழ்முகம் குட்டையாகி, உதடு மடங்கி, மோவாய் துருத்தும். சிறு பிள்ளைக்கு முதியவர் முகம்!

அன்றைய சிந்துப் பகுதியில் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் குறைந்திருந்ததை 1875இல் டார்வின் எழுதினார். உடலில் முடியும் குறைவு; கோடையில் தோல் வறண்டு தவித்தார்கள். இத்தகைய பிள்ளைகளுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது. மாமல்லபுரம் கரையோர வெயிலில் உடல் ஆபத்தான அளவுக்குச் சூடேறும். நிழலில் வைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். தாடை எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அதற்குமுன் பால்பல்லைப் பிடுங்க வேண்டாம். பல பற்கள் இல்லாத பிள்ளைக்குச் சிறு வயதிலேயே பல்செட் உண்டு, வளர வளர மாற்ற வேண்டும். எலும்பில் பதிக்கும் பல், பெரும்பாலும் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான்.